பாதாளமும் பாதுகாப்பும்

பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பது நம் முன்னோர் வாக்கு. நம் தங்கவயலின் வரலாற்றை நோக்குமிடத்து இப்பழமொழியைச் சற்று மாற்றியே வழங்க வேண்டும் போலும். இங்கே பணம் இலண்டன் மாநகரில் இருந்தது. பாதாளம் பாய்ந்தவர்கள் வட ஆர்க்காட்டினின்றும், சேலத்தினின்றும், சித்தூர்ப் பகுதியினின்றும் மூட்டை முடிச்சுகளோடு வந்த ஏழை மக்கள். நம் காலனியில் குடியிருக்கும் குடும்பங்களுள் பாட்டனோ பூட்டனோ கூண்டேறிக் கீழே இறங்காத குடும்பம் மிகச் சிலவே.

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாறு பற்றிய கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். தங்கம் யாரால் கண்டறியப்பட்டது, எத்துணை டன் கிடைத்தது என்பனவற்றை முன் மலர்களில் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆதலின் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். தங்கம் எடுக்கக் கீழே சென்றவன் மாலையில் உயிரோடு மேலே வருவதற்கு என்னென்ன ஏற்பாடுகள் இருந்தன? அவை எவ்வாறு வளர்ந்தன? எங்கே குறைபட்டன? இவையே எம் கட்டுரையின் பொருள். இரயில்வே எழுத்தருக்குச் சுரங்கத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். 1894ஆம் ஆண்டு பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, பத்து மைல் நீளத்திற்கு ஓர் இருப்புப்பாதை போடப்பட்டதே இச்சுரங்கங்களுக்காகத்தான். கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையத்துக்கு நிலையம் சுரங்கத்தின் பெயரையே சொல்லிக்கொண்டு ஓடிய வண்டி அது. எமக்கும் சுரங்கத்துக்கும் உள்ள உறவு அவ்வளவே எனினும் போதுமானது.

1802ஆம் ஆண்டில், திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப்பின் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் என்னும் அதிகாரி இப்பக்கத்து மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுக்கும் செய்தியைக் கேள்வியுற்றார். பரிசு தருவதாக அவர் அறிவிக்கவே, சிற்றூர் மக்கள் வண்டியில் மண்ணைக் கொணர்ந்து அவர் கண்ணெதிரே கழுவிப் பொன் துகளைக் காட்டினர் என்பது யாவரும் அறிந்த கதை. ஆனால் மாரிக்குப்பத்தருகே வேறொரு காட்சியும் இருந்தது. ஒடுங்கிய குழிகளைப் பல அடி ஆழத்திற்கு வெட்டி, அதனுள் தாழ்த்தப்பட்ட குலத்து மக்கள் இறங்கிக் கல்லை உடைத்துக் கூடைகளில் கைமாற்றி மேலே அனுப்பினர். முட்டுக் கொடுத்த மரம் இல்லை. மேற்கூரையைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்ததோ என்னவோ! அதன் பிறகு ஐம்பது அறுபது ஆண்டுகள் பலர் வந்து தோண்டிப் பார்த்தனர். பொன்னைக் காட்டிலும் விபத்தே மிகுதியாயிற்று. 1859இல் நிலத்தடி அகழ்வே கூடாதென்று அரசு தடை விதித்தது. பாதுகாப்பு என்னும் பேச்சு நம் ஊரில் தொடங்கியதே ஒரு தடையுத்தரவோடுதான். காக்கும் வழி தெரியாதவிடத்துக் கதவைச் சாத்துவது எளிது அன்றோ!

கதவை மீண்டும் திறந்தவர் லவேல் என்னும் ஐரிஷ்காரர். நியூசிலாந்தில் போர்புரிந்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் வந்து தங்கியவர். 1875இல் மைசூர் அரசினிடம் உரிமை பெற்றார். ஆயினும் தோண்டுவதற்குரிய முதல் அவரிடம் இல்லை. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் கம்பெனியார் நுழைந்தபின்தான் சுரங்கம் சுரங்கமாயிற்று. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என நான்கு பெருஞ்சுரங்கங்கள் எழுந்தன. 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொணர்ந்தனர். அக்காலத்தில் அஃது உலகமே வியந்த செயல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வயலில் உழைத்தனர்.

டெய்லர் கம்பெனியார் கார்ன்வால் நாட்டுத் தகரச் சுரங்கத்தாரைத் துணைக்கு அழைத்து வந்தனர். பன்னூறு ஆண்டுகள் பழகிய தொழிலாளிகள் அவர்கள். தொழிலோடு தொழிலின் அச்சங்களையும் அவர்கள் கற்றிருந்தனர். எனினும் பழகிய நாட்டிலேயே அபாயம் ஒழிந்தபாடில்லை. கார்ன்வாலில் லெவன்ட் என்னும் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றியிறக்க மேலும் கீழும் அசையும் நீண்ட மரக்கழி ஒன்று இருந்தது. அதிலே படிபடியாக நின்று மனிதர் மாறி மாறி ஏறுவர். 1919ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அதன் தலைப்பிலிருந்த இரும்புப் பிணைப்பு ஒடிந்து 31 பேர் மாண்டனர். ஒரு பிணைப்பு, முப்பத்தோர் உயிர். சுரங்கத்திற் பாதுகாப்பு என்பது இத்தகைய சிறிய இரும்புத் துண்டுகளைப் பற்றிய கவலைதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நம் ஊரில் ஆட்களை இறக்கியது கூண்டும் கம்பிக்கயிறும். சாம்பியன் ரீப் சுரங்கம் பதினாயிரம் அடிக்கும் மேல், அதாவது மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக, ஆழ்ந்து சென்றது. ஒரே கயிற்றில் அவ்வளவு ஆழம் இறங்க இயலாது. ஒரு ஷாப்டில் இறங்கி, குறுக்கே நடந்து, உள்ளே அமைந்த இன்னொரு ஷாப்டில் மீண்டும் இறங்க வேண்டும். ஆஸ்போர்ன், ஹீத்கோட், கிஃபோர்டு, எட்கர், ஹென்றி என்ற துரைமார் பெயர்களெல்லாம் நம் பாட்டிமார் வாயில் வீட்டுப் பெயர்களாய் வழங்கின. கூண்டு கம்பிக்கயிற்றில் தொங்குகின்றது. கயிறு பெரிய உருளையிற் சுற்றுகின்றது. உருளையை இயக்குபவர் தனி அறையில் அமர்ந்திருக்கின்றார். அவர் கண்ணுக்குக் கூண்டும் தெரியாது, அதிலுள்ள மனிதரும் தெரியார். எதிரே முள் காட்டும் அளவும், காதில் விழும் மணியோசையுமே அவர்க்கு எல்லாம்.

இவ்விடத்தில் இரயில்வேக்காரர் உள்ளம் சற்றுக் குளிரும். நம் நிலையங்களில் ஒரு நிலையத்தார் அடுத்த நிலையத்தாரிடம் மணியடித்து வழி கேட்பதும், அவர் மணியடித்து விடை தருவதும் முறையன்றோ? விடை வராமல் வண்டி நகராது. சுரங்கத்திலும் அஃதே. கீழ்வாயிலில் நிற்பவர் மணியடித்தால் மேல்வாயிலில் நிற்பவர் அதனை ஏற்று மணியடித்த பிறகே ஆட்கள் கூண்டுக்குள் கால் வைக்கலாம். ஓடும்போது ஒரே ஓர் அடி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். மணியின் எண்ணிக்கைப் பட்டியலை எழுதி ஷாப்டின் வாயில்தோறும் தொங்கவிட்டனர். எழுத்தறியாதவர் பலர், ஆயினும் அம்மணிக் கணக்கைப் பிள்ளைகளும் ஒப்பிப்பர் என்று முதியோர் சொல்லக் கேட்டுள்ளோம். கண்ணால் காண இயலாத ஒருவர் கையில் உயிரை ஒப்புவிக்கும் தொழில்கள் இரண்டு உண்டு. அவற்றுள் ஒன்று நம்முடையது, மற்றொன்று அவர்களுடையது என்பது எம் கருத்து.

கயிற்றைப் பற்றியும் கூறவேண்டும். கம்பிக்கயிறு அறுவதற்குமுன் அறிகுறி காட்டும். வெளியிழைகள் தேயும், ஒடிந்த இழை முள்போல நீட்டிக்கொண்டிருக்கும், துரு பிடிக்கும். நாள்தோறும் கயிற்றை மெதுவாக ஓடவிட்டுக் கண்ணாலும் கையாலும் சோதிப்பதற்கென ஆள் உண்டு. கூண்டோடு கயிறு பிணையும் நுனியே மிகுதியாக வருந்துமிடம். அதனால் ஆறு திங்களுக்கொருமுறை அந்நுனியில் சில அடியை வெட்டியெறிந்து, வெட்டிய துண்டைப் பிரித்து ஆராய்ந்து, புதிதாகப் பிணைப்புப் போட வேண்டுமென்பது விதி. நல்ல கயிற்றை ஏன் வெட்டுகின்றனர் என்று வியப்பாருண்டு. கெட்ட பிறகு வெட்டுவதற்குக் கயிறும் இராது, கூண்டும் இராது. கூண்டு அளவுக்கு மீறி உயர்ந்து தலைச்சக்கரத்தில் மோதப் போனால், கயிற்றிலிருந்து தானே கழன்று, கூண்டை அங்கேயே பிடித்து நிறுத்தும் கொக்கி ஒன்றை 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் கண்டுபிடித்திருந்தனர். இயக்குபவரின் கை ஒருநாள் தவறும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு செய்த கொக்கி அது. அதனாலேயே எமக்கு அதன்மீது பெருமதிப்பு.

ஆட்கள் விழுவது ஷாப்டில் மட்டும் அன்று. ‘ஸ்டோப்’ என்று தொழிலாளர் வழங்கும் அகழ்விடங்களில் ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்குச் சரிவான துளைகள் இறங்கும். உடைத்த தாதுக்கல்லை உருட்டிவிடும் குழிகள் ஆங்காங்கே வாய்பிளந்து கிடக்கும். இருட்டு, காலடியில் ஈரம், கையில் முதலில் மெழுகுவத்தி, பின்னர்க் கார்பைடு விளக்கு. நெற்றியில் பொருத்தும் பாட்டரி விளக்கு வந்தது பிற்காலத்தில். இத்தகைய குழிகளின் வாயில் இரும்புக் கம்பிகளைக் குறுக்கே பதித்தால் கல் விழும், ஆள் விழமாட்டார். ஏணிவழியில் நெடுகிலும் ஒரே ஏணியைச் சார்த்தாமல் சிறிது தூரத்துக்கொரு பலகைத் தட்டு அமைத்தால், கை நழுவியவர் அடுத்த தட்டில் விழுந்து கால் முறிவதோடு தப்புவார். ஏணி தட்டுக்கு மேலும் மூன்றடி நீண்டிருந்தால் ஏறியவர்க்குப் பிடிக்க ஒரு பிடி கிடைக்கும். எவ்வளவு எளிய செய்திகள்! ஆயினும் இவை ஒவ்வொன்றும் விதிப்புத்தகத்தில் ஏறுவதற்கு எத்தனை பேர் விழுந்திருப்பர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கின்றது. கருவிகளும் விழும். ஆயிரம் அடி மேலிருந்து நழுவிய ஒரு சுத்தியல் கீழே வரும்போது சுத்தியலாக வாராது, பீரங்கிக் குண்டாக வரும். அதனால் ஷாப்டினுள் பழுது பார்ப்பவர் இடுப்பில் கச்சை கட்டி அதைக் கயிற்றில் மாட்டுவதோடு, கையிலுள்ள கருவியையும் கயிற்றால் கட்டிக்கொள்வது வழக்கமாயிற்று.

வெடி வைத்தபின் உள்ளே நுழைபவர் முதலில் செய்ய வேண்டியது கடப்பாரையால் மேற்கூரையைத் தட்டுவது. கல் கணீரென்று ஒலித்தால் உறுதி. பானை உடைந்தாற்போல மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் உண்டு. அந்தக் கல்லை ஒதுங்கி நின்று நெம்பித் தள்ளிய பிறகே துளையிடத் தொடங்கலாம். குயவன் கடையில் சட்டியைச் சுண்டிப் பார்த்து வாங்கும் நம் பெண்டிர்க்கு இக்கலையைத் தனியே கற்பிக்க வேண்டுவதில்லை. வெடிக்காத மருந்து பழைய துளையின் அடியில் தங்கியிருப்பதுண்டு. அதே துளையில் மீண்டும் துளைக்கருவியைச் செலுத்துவது எமனை எழுப்புவதற்கு ஒப்பாகும். இது தெரிந்தும் ஏன் செய்தனர்? அடிக்கணக்கில் கூலி. புதிய துளை தொடங்குவதைக் காட்டிலும் பழைய துளையில் விரைவாக இறங்கும். துளையிடுவோர் பெரும்பாலும் காண்டிராக்டர்களின் ஆட்கள். அந்நாளைய அறிக்கைகளில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்னும் காரணம் அடிக்கடி தலைகாட்டும். கூலிமுறையின் கவனக்குறைவு என்று எழுதியவர் அரியர்.

1897ஆம் ஆண்டு தங்கவயலில் நேர்ந்த பெருவிபத்தில் 52 பேர் மாண்டனர் என்று இந்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் துறையின் வரலாறு கூறும். பலுசிஸ்தானத்துக் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் மேலும் 47 பேர் இறந்தனர். சட்டம் வேண்டுமா வேண்டாவா என்று அதுகாறும் நடந்துவந்த விவாதம் அதன்பின் ஒருவாறு முடிவுற்று, 1901இல் இந்தியாவின் முதற் சுரங்கச் சட்டம் பிறந்தது. 1902 ஜனவரியில் கல்கத்தாவில் சுரங்க ஆய்வகம் அமைந்தது. 1908இல் அது தன்பாத்துக்கு மாறியது. மைசூர் தனிச் சமஸ்தானம் ஆதலின் அச்சட்டம் இங்கு நேரே செல்லவில்லை. சமஸ்தானத்தார் தமக்கெனச் சுரங்க விதிகளை வகுத்துக்கொண்டனர். விடுதலைக்குப்பின் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும், 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிகளும் நாடு முழுமைக்கும் பொதுவாயின. பிறர் செத்த பிறகே நமக்குச் சட்டம் வந்தது என்று வருந்துவதா, நம்மவர் செத்ததால் நாட்டுக்கே சட்டம் வந்தது என்று கொள்வதா, அன்பர்களே முடிவு செய்க.

இனி இவ்வூருக்கே உரிய ஒரு பேரிடரைக் கூறுவோம். பாறை வெடிப்பு, மக்கள் வழக்கில் ‘ராக் பர்ஸ்ட்’. நள்ளிரவில் பாத்திரங்கள் பரணில் கலகலக்க, சுவர் நடுங்க, எழுந்து வாயிலுக்கு ஓடிவந்த நினைவு நம் தாய்மார்க்கு இருக்கும். எங்கே, எந்த ஷாப்டு என்ற வினாவே தெருவெங்கும் முதலில் எழும். 1898ஆம் ஆண்டிலேயே ஊரிகம் சுரங்கத்தில் இது காணப்பட்டது. அப்போது ஆழம் ஆயிரம் அடியளவே. முதலில் இதனைக் காற்று வெடி என்று பெயரிட்டனர். மைசூர் அரசின் நிலநூல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பவர் 1904இல் இதனைப் பற்றித் தனி நூலே எழுதினார். காற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாறையே வெடிக்கின்றது என்பது பிறகு தெளிவாயிற்று.

ஏன் வெடிக்கின்றது? எண்ணோடு பிழைப்பவராதலின் ஒரு சிறு கணக்குப் போட்டோம். கன அடி பாறை ஏறக்குறைய 180 பவுண்டு எடையுள்ளது. பதினாயிரம் அடி ஆழத்தில் ஒரு சதுர அடியின்மேல் நிற்பது பதினெட்டு இலட்சம் பவுண்டு. ஒரு சதுர அங்குலத்தின்மேல் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. இவ்வளவு பாரத்தையும் தாங்கி அமைதியாயிருந்த பாறையின் ஒரு பகுதியை நாம் வெட்டி எடுத்துவிட்டால், அது சுமந்த பாரம் அண்டையிலுள்ள பாறைமேல் ஏறும். குடும்பத்தில் ஒருவர் சம்பாத்தியம் நின்றால் மற்றவர்மேல் சுமை ஏறுவதில்லையா? சுமை மீறும்போது கடினமான பாறை வளைந்து கொடுக்காது, நொறுங்கித் தெறிக்கும். மெல்லிய பாறையாயின் சிறிது சிறிதாகச் சரிந்திருக்கும். தங்கவயலின் பாறை உறுதியானது. அவ்வுறுதியே அதன் கேடு.

இதிலிருந்து நம்மவர் கற்ற பாடம் பெரிது. தொடக்கத்தில் கூரையைத் தாங்குவதற்கெனத் தாதுவிலேயே தூண்களை விட்டுவைத்தனர். ஆழம் குறைந்தவரை அது சரி. ஆழம் மிகுந்தபின் அத்தூண்களே பாரத்தையெல்லாம் தம்மேல் இழுத்துக்கொண்டு வெடித்தன. ஆகவே தனித்தூண் விடாமல் ஒரு முனையிலிருந்து ஒழுங்காக வெட்டிச் செல்லவும், வெட்டிய வெற்றிடத்தை உடனே அடைக்கவும் முற்பட்டனர். மரமுட்டுப் போதாதென்று கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிச் சுவர்களாகவே கட்டினர். ஒன்பதினாயிரம் அடிக்குக் கீழே, கோயில் திருப்பணிபோல், கல்தச்சர்கள் அடுக்கிய அந்தச் சுவர்களை வெளியுலகம் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. பின்னாளில் ஆலைக்கழிவு மணலும் கான்கிரீட்டும் அவ்விடத்தைப் பெற்றன. நிலநடுக்கம் பதியும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கு நிறுவினர். 1970களின் இறுதியில் சுரங்கமெங்கும் நுண்ணதிர்வுகளைக் கேட்கும் செவிகள் பொருத்தப்பட்டன. பெருவெடிப்புக்கு முன்னர்ப் பாறை முணுமுணுக்கின்றதா என்று கேட்பதற்கு! 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இவ்வூரிலேயே தோன்றியதற்கும் காரணம் இதுவே. அவ்வளவும் செய்தும் வெடிப்பு நின்றுவிடவில்லை. 1962இலும் 1971இலும் சாம்பியன் ரீப்பில் நேர்ந்தவை பெரியன. வெடிப்பை முற்றும் தடுக்க இயலவில்லை. அது நேரும் இடத்தில் ஆள் இல்லாதபடி செய்வதே பெருமளவு கைகூடியது.

இடையே ஒரு சொல். அதே ஆழத்தில், அதே சாம்பியன் ரீப்பில், 1965இல் இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் ஒருங்கு சேர்ந்து வானிலிருந்து எழும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் கண்டறிந்தனர். நமக்கு எமனாயிருந்த பாறை அவர்கட்குக் குடையாயிற்று.

வெப்பம் பற்றி விரிப்பிற் பெருகும். அடியாழத்தில் பாறையின் சூடு 65 சென்டிகிரேடுக்கு மேல்; குளிர்விக்கும் ஆலை வைத்துக் காற்றைக் குளிரச் செய்து கீழே அனுப்பினர் என்பதோடு நிறுத்துவோம். தூசியைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. விழுந்தவனை ஊர் பார்க்கின்றது. தூசியைச் சுவாசித்தவன் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வீட்டுத் திண்ணையில் இருமி இருமி மடிகின்றான். துளையிடும்போது எழும் நுண்ணிய கல்தூள் நுரையீரலிற் படிந்து அதனைக் கல்லாக்கும் நோய் சிலிகோசிஸ் எனப்படும். 1940இல் மைசூர் அரசு இந்நோய்க்கெனத் தனி விதிகள் செய்து இழப்பீட்டுக்கு வழி வகுத்தது. அதனையொட்டி 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இருக்கக் கண்டனர். கூண்டு விபத்தையும் பாறை வெடிப்பையும் சேர்த்தாலும் இக்கணக்கின் அருகே வாரா. மருந்தில்லை. தடுப்பு ஒன்றே, அதுவும் மிக எளியது, தண்ணீர். துளைக்கருவியின் நடுவே நீரைச் செலுத்தினால் தூள் சேறாகிக் கீழே வழியும். ஆனால் ஈரத்தில் நின்று துளையிட்டால் வேலை தாமதம், உடலெல்லாம் நனைவு. மேற்பார்வையாளர் அகன்றதும் நீரை மூடிவிட்டு உலர்ந்தே துளையிட்டோர் உண்டு என்று முதியவர்கள் ஒளிக்காமல் சொல்கின்றனர். அடிக்கணக்குக் கூலி இங்கும் வந்து நிற்பதைக் காண்க.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி அமைந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியோடு சங்கொலி நின்றது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எண்ணூறு டன் பொன் மேலே வந்தது. சுரங்கம் மூடிய பின் அபாயம் மூடிற்றோ எனில் இல்லை. கைவிட்ட குழிகளினுள் இரும்புக்கும் பொன்னுக்கும் ஆசைப்பட்டு இறங்குவோர் இன்றும் உளர். 2020இல் மாரிக்குப்பம் பக்கத்தில் அவ்வாறு இறங்கிய மூவர் உள்ளே மூச்சடைத்து மாண்டனர். காற்றோட்டமில்லாத பழங்குழியில் உயிர்க்காற்று இராது என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்னே நம் பாட்டன்மார் அறிந்த செய்தி. பாட்டனைக் கேட்பார் இல்லை.

சுரங்கம் மூடிய நாள்முதல் நம் இளைஞர் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் செல்கின்றனர். ஆயிரக்கணக்கில் சீசன் டிக்கட் எழுதும் எம் போன்றோர்க்கு அவர் முகங்கள் பழக்கம். ஆலை, கடை, அலுவலகம் எனப் பலர் சென்றாலும், கட்டட வேலைக்குச் செல்வோர் தொகை சிறிதன்று. பாட்டன் பதினாயிரம் அடி இறங்கினார். பேரன் இருபது மாடி ஏறுகின்றான். சென்ற ஆண்டு நம் லயனைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சாரத்தினின்று விழுந்து இடுப்பொடிந்து இன்றும் படுக்கையில் இருக்கின்றார். கம்பெனியின் பெயர் இங்கு வேண்டா. இடுப்பில் கச்சை இருந்தது. ஆனால் அதன் கொக்கியை மாட்டுவதற்கு மேலே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கவில்லை. மாட்ட இடமில்லாத கச்சை அரைஞாண் கயிறுதான். இச்செய்தியே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

கட்டடத்திலும் ஷாப்டு உண்டு. மின்தூக்கி வருவதற்கென விட்ட குழி மாடிதோறும் வாய்திறந்து நிற்கும். இரண்டு பலகையைக் குறுக்கே அடித்தால் தீர்ந்தது, அதுவே பல இடங்களில் இராது. சாரத்தின் ஓரத்தில் இடுப்பளவுக்கு ஒரு கைப்பிடிக் கழி, காலடியில் ஒரு விளிம்புப் பலகை. பலகை இருந்தால் செங்கல் நழுவிக் கீழுள்ளவர் தலையில் விழாது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டியபோது பாலத்தின் அடியில் நெடுகவும் வலை விரித்தனர். பத்தொன்பது பேர் அவ்வலையில் விழுந்து பிழைத்தனர். வலைக்குச் செலவு மிகுதி என்று அன்று முணுமுணுத்தாரும் இருந்திருப்பர். 1937 பிப்ரவரியில் பெரிய மேடையொன்றே அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு வீழ்ந்ததில் பத்துப் பேர் இறந்தனர். ஆதலின் வலை இருந்தால் மேடையைச் சோதிக்க வேண்டா என்பதில்லை. நம் நாட்டில் கட்டடத் தொழிலாளர்க்கென 1996இல் தனிச் சட்டமும், 1998இல் அதன் விதிகளும் வந்தன. 2020இல் அதனையும், சுரங்கச் சட்டத்தையும், தொழிற்சாலைச் சட்டத்தையும் ஒரே தொகுப்பில் நாடாளுமன்றம் இணைத்தது. சுரங்கமும் சாரமும் ஒரே புத்தகத்தில் வந்துவிட்டமை காண எமக்கு வியப்பில்லை.

ஒன்றில் மட்டும் வேறுபாடு உண்டு. சுரங்கத்தில் கயிற்றைச் சோதிக்கவும், மணியடிக்கவும், கூரையைத் தட்டவும் பெயர் சொல்லி ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார்; பிழை நேர்ந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். கட்டடத்திலோ உரிமையாளர், அவர்கீழ்க் காண்டிராக்டர், அவர்கீழ் மற்றொரு காண்டிராக்டர், அவர்கீழ் மேஸ்திரி; கயிற்றை யார் கட்டவேண்டும் என்று கேட்டால் நால்வரும் ஒருவரையொருவர் சுட்டுவர். ஆகையால் வேலைக்குச் செல்லும் இளைஞர் முதல் நாளே, கயிறு யார் பொறுப்பு என்று பெயர் கேட்டு அறிந்துகொள்வது நலம். கேட்டால் வேலை போய்விடும் என்ற அச்சம் இருப்பதை யாம் அறியாமலில்லை. ஒருவர் கேட்டால் போகும். ஒரே வண்டியில் செல்லும் நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் போகாது என்று நம்புகின்றோம்.

நம் காலனியில் கூண்டிறங்கி உழைத்த முதியோர் இன்னும் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் மூவர், ஆண்டு விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சங்கப் படிப்பகத்துக்கு வந்து, கயிற்றை எவ்வாறு சோதிப்பது, கச்சையை எங்கே எவ்வாறு மாட்டுவது, எந்த முடிச்சு இறுகும், எது நழுவும் என்பனவற்றைச் செய்துகாட்ட இசைந்துள்ளனர். கட்டட வேலைக்குச் செல்லும் அன்பர்கள் தத்தம் கச்சையையும் உடன் கொண்டுவருமாறு வேண்டுகின்றோம்.